வீட்டுக்குள் வந்த டீச்சர்

பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே போனால் "டீச்சர்", வெளியே வந்தால் "அம்மா". அம்மா பாடம் எடுக்கும் வகுப்பிலேயே மகள் வந்து உட்கார்ந்த வருஷம் இருவருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. வேதியியல் டீச்சருக்கு அது பிடித்தும் இருந்தது.

போன வாரத் தேர்வுத்தாள் கொடுத்ததிலிருந்து மகள் வீட்டிலும் டீச்சர் என்றே கூப்பிடுகிறாள்.

"டீச்சர், எனக்குச் சாப்பாடு போதும். டீச்சர், துண்டு எங்க வச்சீங்க?"

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப நான் யாரும்மா, ஹெட்மாஸ்டரா?"

"சும்மா இருங்கப்பா."

டீச்சர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் ஓர் அம்புக்குறியால் வந்தது. முன்னும் பின்னுமாக நடக்கும் மீள்வினைக்கு எதிரெதிராக இரண்டு அம்பு போட வேண்டும். மகள் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். பக்கத்து பெஞ்சுக்காரியும் அதே தப்பைத்தான் செய்திருந்தாள். அவளுக்கு அரை மார்க் போட்ட கை, மகளுக்கு முட்டை போட்டது. பெற்ற பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே!

இன்று ஆய்வகத்தில் வகுப்பு. வாய் உருக்கி அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் பழுப்பு வாயு. டீச்சர் அதை வெந்நீரில் இறக்கினாள், நிறம் அடர்ந்தது. ஐஸ் தண்ணீரில் இறக்கினாள், வெளுத்தது. வெளியே எடுத்து வைத்ததும் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்து நின்றது.

"இப்ப உள்ள என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல டீச்சர்!"

"தூங்குது டீச்சர்!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மகள் எழுந்தாள். "நடக்குது டீச்சர். பழுப்பு ரெண்டு ரெண்டா சேர்ந்து நிறமில்லாம ஆகுது. அதே வேகத்துல நிறமில்லாதது பிரிஞ்சு பழுப்பா ஆகுது. பாக்கறவங்களுக்குத்தான் சும்மா இருக்கிற மாதிரி தெரியும். அதுதான் சமநிலை."

"குழாயை உடைச்சுட்டா?"

"வாயு வெளிய ஓடிடும். அப்புறம் திரும்பி வர்றதுக்கு உள்ள என்ன இருக்கும்?"

கேள்வி கேட்ட டீச்சர் குழாயை இரண்டு கையாலும் பிடித்துப் பத்திரமாக வைத்தாள்.

சாயங்காலம் மகள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் டீச்சர் எட்டிப் பிடித்தாள்.

"கொஞ்சம் நில்லுடி. அந்த அரை மார்க்…"

"ஏன், போடப் போறீங்களா?"

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் போடறேன். ரெண்டு பேரு செஞ்சதும் ஒரே தப்பு. நான்தான் ஊர் வாய்க்குப் பயந்துட்டேன்."

மகள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். "இதை டீச்சர் சொல்றாங்களா, அம்மா சொல்றாங்களா?"

"ரெண்டு பேரும்தான். கேட்டுக்குள்ள போனா அம்மா எங்கடி போயிடறா? அங்கேயும் உன்னையேதானே பாத்துக்கிட்டு நிக்கிறா."

மகள் பத்தடி நடந்தாள். பிறகு தோளிலிருந்து பையைக் கழற்றி நீட்டினாள்.

"கனக்குது. கொஞ்சம் புடிச்சுக்கோம்மா."

உள்ளே புத்தகமா கல்லா என்று வழக்கமாகக் கேட்கிறவள், இன்று வாயைத் திறக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டாள்.