இரண்டாவது டெர்ம்

மதியம் இரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம். அதற்குள் ரேங்க் கார்டு அச்சாகவில்லையென்றால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் ராஜாராம் சொல்லிவிட்டார். செங்கல்பட்டில் அந்தப் பள்ளி அலுவலகத்தில் அன்பரசி சேர்ந்து நான்கு மாதம்தான். படாளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். அவள் வீட்டில் மாதச் சம்பளக்காரி என்று முதலில் ஆனவள் அவள்தான். போனால் போகட்டும் என்று விடுகிற வேலையா இது?

“புது மெஷின் வந்து ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள படுக்க வெச்சுட்டியேம்மா!” என்றார் ராஜாராம், நான்காவது முறையாக. முன்னாள் கணக்கு வாத்தியார், எண்ணித்தான் திட்டுவார்.

மார்க் புரோகிராம் இருந்தது ஒரு பழைய சர்வரில். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு அங்கே வேலையே இல்லை. மேசையில் புதுக் கம்ப்யூட்டர் வைத்த நாளிலிருந்து, உள்ளே நுழைந்ததும் புரோகிராம் பொத்தென்று விழுந்துவிடுகிறது. பழுது பார்க்க வந்த மகானுபாவர்கள் இரண்டு பேர். ஒருவர் வைரஸ் என்றார். மற்றவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்றார். அழிக்கிறாராம்! அறுநூறு பிள்ளைகளின் மார்க்கை!

மூன்றாவதாகக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஜெஸ்ஸி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அன்பரசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தெனம் எப்டிப் பண்றீங்களோ அப்டியே பண்ணுங்க. நான் சும்மா பாத்துகினு கீறேன்.”

அன்பரசி பெயரும் பாஸ்வேர்டும் அடித்தாள். ‘டெர்ம்?’ என்று திரை கேட்டது. ‘2’ என்று அடித்தாள். புரோகிராம் விழுந்தது.

“இருங்க, இருங்க. இன்னா அடிச்சீங்க?”

“ரெண்டு. டிசம்பர் பரீட்சை ரெண்டாவது டெர்ம்தானே மேடம்?”

ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

“பழைய மெஷின்ல இந்தக் கேள்வி வந்துச்சா?”

“இல்ல மேடம். இதுலதான்.”

“அதான் விஷயம். பழச சர்வருக்குத் தெரியும். புதுச அடையாளம் தெரியல. ‘நீ எந்த வகை டெர்மினல்?’னு கேக்குது. அதத்தான் சுருக்கி டெர்ம்னு போட்டுகீது. டெர்மினல்னா இந்தத் திரை. ரெண்டுன்னு ஒரு வகையே கெடையாது. எப்டி எழுதிக் காட்றதுன்னு புரியாம புரோகிராம் வுழுந்துடுது.”

‘2’ அடித்த இடத்தில் ஜெஸ்ஸி ‘வி.டி.100’ என்று ஒரு டெர்மினல் வகையின் பெயரை அடித்தாள். ஆறாம் வகுப்பு அ பிரிவு, வரிசையாக வந்து நின்றது! அன்பரசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகவில்லை, எதையும் அழிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அடேயப்பா, என்ன பொறுமை! இனி அந்தக் கேள்வியே வராதபடியும் செய்துகொடுத்தாள். பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

“யார் மேல தப்புன்னு எழுதிக் குடுங்கம்மா” என்று ராஜாராம் ஜெஸ்ஸியிடம் தாளை நீட்டினார்.

ஜெஸ்ஸி எழுதியதை அவர் உரக்கப் படித்தார். “பள்ளிக்கூடத்தில் டெர்ம் என்று கேட்டால் இரண்டு என்பதே சரியான விடை. கேள்விதான் தப்பு. திருத்திவிட்டேன்.”

பழக்கதோஷம், சிவப்புப் பேனாவை எடுத்து அதன் கீழே ஒரு டிக் போட்டார். பிறகு அன்பரசியைப் பார்த்தார்.

“இன்னா பாத்துகினு கீற? எட்டாம் கிளாஸ் கார்டு எங்கம்மா?”