கையுறை இல்லாத சாவு

சவம் எடுக்கும் நேரம் ஆகியும் கெசியாவின் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அவள் கணவன் எலிபலேத், பீப்பாய் செய்பவன், கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தான். சுற்றி அவளும், அவன் தம்பி ஆமோஸும், பக்கத்து வீட்டுக்காரியான நானும்தான்.

எங்கள் பாஸ்டனில் சாவுச் சேதியோடு ஒரு ஜோடி கறுப்புக் கையுறையும் போக வேண்டும். அது வந்தால்தான் அழைப்பு. ஆனால் அது லண்டன் சரக்கு. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் லண்டன்காரர்கள் வரி மேல் வரி போட்டதில் ஊரே கொதித்துப்போய், இனி அவர்கள் துணியும் வேண்டாம், சாவுக்குக் கையுறையும் வேண்டாம் என்று கூடித் தீர்மானித்திருந்தது. எலிபலேத்தும் கை தூக்கினான். பாவி மனிதன், முதல் சாவு தன்னுடையதாக இருக்கும் என்று கண்டானா?

ஆமோஸ் பொறுமை இழந்தான். "அண்ணி, எங்கிட்ட பழைய கையுறை ரெண்டு டஜன் கெடக்கு. இப்ப அனுப்பினாக்கூட ஓடி வந்துருவாங்க. அண்ணன அநாதப் பொணமாட்டம் அனுப்பப் போறீங்களா?"

"அவரு கை தூக்கினப்ப நீங்களும் பக்கத்துலதானே தம்பி நின்னீங்க?"

"அது உசுரோட இருக்கிறவங்களுக்கு. செத்தவனுக்கு என்ன வரி?"

"செத்தாலும் அவரு குடுத்த வாக்குதானே. நான் மீற மாட்டேன்."

ஆள் வராமல் புருஷன் போவதைவிட அவளுக்கு வேறு அவமானம் ஏது? சட்டென்று கதவைத் திறந்து பனியில் இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

எதிர்வீட்டு ஜோப், எலிபலேத்தோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவர், நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"கையுறை வரலியேம்மா. எங்கள வேண்டாம்னுட்டியோன்னு..."

"வேண்டாம்னு கை தூக்கினதே நீங்கதானே அண்ணே!"

அவர் அசடு வழிந்தார். தெரு முழுக்க இதே கூத்து. சூரப்புலிகள் எல்லாம் தலைசீவி, கோட்டு மாட்டி, தாங்களே வேண்டாமென்ற கையுறைக்காகக் காத்திருந்தார்கள். கெசியா கதவு கதவாகத் தட்டி அழைத்தாள். அவளை அன்று நான் கும்பிடாத குறைதான்.

வெறுங்கையால் பெட்டியைத் தூக்கினார்கள். ஆமோஸும் ஒரு மூலையைப் பிடித்தான்.

அடக்கம் முடிந்து துக்கம் கேட்க வரிசை கட்டினார்கள். எங்கள் வழக்கத்தில் துக்கம் கேட்பது கையுறைமேல் கையுறை வைத்துத்தான். அன்று மீன் அறுக்கும் கை, கயிறு திரிக்கும் கை எல்லாம் அவள் கையை நேராகப் பிடித்தன. காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஜோப் கை நீட்டினார். கட்டைவிரலடியில் உளி பிடித்துக் காய்த்த தழும்பு. எலிபலேத்துக்கும் அதே இடத்தில்தான். அதன்மேல் விரல் பட்டதும் கெசியா உடைந்து அழுதாள். கையை விடவேயில்லை.

பின்னால் நின்றவர்கள் சிவந்துபோன கைகளை ஊதிக்கொண்டு பனியில் காத்திருந்தார்கள்.