ஒரு கல் குறைந்த சதுரம்

மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்குப் பல் டாக்டரம்மா வருகிறார்.

அவருடைய காத்திருப்பு அறைச் சுவரில் பதிக்க ஒரு சதுரம் கேட்டிருந்தார். முழுக்க ஒரே சாம்பல் நீலம். ஒரு சென்டிமீட்டர் கற்கள், வரிசைக்கு நூற்றிரண்டாக நூற்றிரண்டு வரிசை. பிடித்துவிட்டால் மாடி வேலையும் தருவார். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து எடுத்த முதல் வேலை.

பட்டறை மேசையில் பசை போடாமல் அடுக்கிப் பார்த்தார்கள். கடைசி மூலையில் ஒரு கல் இல்லை. காலையில் உடைந்தது அது.

"உதிரி எங்க அண்ணி?"

"வாங்கல."

"ஒண்ணுகூடவா?"

"பத்தாயிரத்து நானூத்தி நாலு. கணக்கு கச்சிதமா இருந்துச்சு. ஒண்ணு உடையும்னு யாருக்குத் தெரியும்?"

"கல்லு வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும்."

புதிதாக வாங்கினாலும், அடுத்த சூளையில் சுட்ட கல்லுக்கு இதே நிறம் வராது.

"ஓட்டைப் பல்லு மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார். "இதையா அவங்ககிட்ட காட்டறது?"

சாக்பீஸை எடுத்தாள். சதுரம் போகட்டும், ஓட்டை இல்லாத ஒரு செவ்வகம் கிடைத்தால் போதும். தரையில் 10403 என்று எழுதி வகுத்தாள். இரண்டு, மூன்று, ஐந்து. ஏழில் ஒன்று மிஞ்சியது. பதினொன்று. பதின்மூன்று. இருபத்து மூன்றில் நிறுத்தினாள்.

"எதுக்கும் மசியல."

"அப்படியே உன் அண்ணன். சரி, ஏழுல போயிருந்தா மட்டும்? ஏழு கல் அகலத்துல ரயில் தண்டவாளம் போட்டிருப்போம்."

அண்ணி குறை வரிசையை எண்ணினாள். நூற்றொன்று. அதற்கு மேலிருந்த வரிசைகளை எண்ணினாள். அவையும் நூற்றொன்று.

"கடைசி வரிசையை எடு."

"எடுத்து?"

"பக்கவாட்டுல நிறுத்து."

அதன் கற்களை மற்ற வரிசைகளின் ஓரத்தில் வரிசைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசிக் கல் கடைசி வரிசையில் உட்கார்ந்தது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

நாத்தனார் தரையில் பெருக்கினாள். நூற்றொன்றை நூற்றுமூன்றால். 10403.

விடாமல் சின்ன எண்களையும் போட்டுப் பார்த்தாள். ஒன்பதில் ஒன்று போனால் எட்டு: இரண்டு பெருக்கல் நான்கு. நூற்றில் ஒன்று போனால் தொண்ணூற்றொன்பது: ஒன்பது பெருக்கல் பதினொன்று.

"எந்தச் சதுரத்துல ஒண்ணு உடைஞ்சாலும் பொழச்சுக்கலாம் அண்ணி!"

"ரெண்டு உடைஞ்சா?"

"உதிரி வாங்கணும்."

அண்ணி சிரித்தாள். தச்சருக்குப் போன் செய்து சட்டத்தின் புது அளவைச் சொன்னாள். நீளத்துக்கும் அகலத்துக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒரு கண்ணை மூடி வரிசைகளைப் பார்த்தார். குனிந்து ஓரத்தைப் பார்த்தார். விரலால் ஒரு மூலையைத் தடவினார்.

"பிரமாதம். மாடியையும் நீங்களே செஞ்சிடுங்க. ஆனா ஒண்ணும்மா, அங்கயும் இதே மாதிரி அச்சு அசலா சதுரமா வந்துடும்ல?"