மைனஸ் ஐம்பத்து மூன்று டிகிரி

1

இந்தக் கதை ஒரு தப்புக் கணக்கில் பிறந்தது. தப்பு என்னுடையது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். முதல் வரைவில் நாயகனும் நானாகவே இருந்தேன். மனசாட்சி உறுத்தியதால் அடித்துவிட்டேன்.

2

'கல்வராயன் மலையை வெண்பனி போர்த்தியிருந்த அந்தப் பொன்...' வேண்டாம். பனி மூடியிருந்தது, அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் பதினோரு பேர் வெள்ளிமலைப் பக்கம் சுற்றுலா போனோம். வேனை நிறுத்திவிட்டு, மரவள்ளிக் கொல்லை வழியாக மேற்கே முந்நூறு மீட்டர், பிறகு ஓடையோரமாக வடக்கே நானூறு மீட்டர் நடந்தோம். (கைபேசி அளந்தது.) மழை பிடித்தது. ஓடைக்கரை மூழ்கிவிட்டது. வந்த வழி போனதால் குறுக்கே நடந்துதான் வேனுக்குத் திரும்ப வேண்டும். எந்தத் திசையில்?

"இன்னா சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே?" என்றார் தலைமையாசிரியர் தங்கதுரை. அந்த 'தானே'யில் விழுந்தேன்.

3

இங்கே ஒரு சின்னப் பாடம். (தாண்டிப் போகலாம். என் மாணவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.) மேற்கு என்றால் x மைனஸ் 300. வடக்கு என்றால் y பிளஸ் 400. இரண்டையும் வெக்டராகக் கூட்டினால் நீளம் 500. கோணத்துக்கு (கிழக்கில் தொடங்கி வடக்குப் பக்கமாக அளப்பது; தெற்குப் பக்கம் என்றால் மைனஸ்), 400-ஐ மைனஸ் 300-ஆல் வகுத்து டேன் இன்வர்ஸ் அழுத்தினால் கால்குலேட்டர் மைனஸ் 53 என்று காட்டும். பாவம், அதற்குக் கிழக்கு மேற்கு தெரியாது. x மைனஸாக இருந்தால் நாம்தான் 180 கூட்டி, 127 என்று திருத்த வேண்டும். இதை வருடா வருடம் கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் எழுதுகிறவன் நான். அன்று கூட்டவில்லை.

"மைனஸ் அம்பத்தி மூணு. கிழக்குலருந்து தெக்கால சாஞ்சி போகணும்" என்று கையை நீட்டினேன்.

"சார், அது தப்பு. நூத்தி இருபத்தேழு. அதுக்கப்புறம் திரும்..."

சொன்னவர் சப்ரின், ஜூனில் சேர்ந்த தற்காலிக இயற்பியல் ஆசிரியை. அவரை முடிக்க விடாமல் நான் நடக்க ஆரம்பித்தேன். ஐந்நூறு மீட்டரில் வேன் நின்றிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சப்ரின் டீச்சர் கணக்குல போயிருந்தா இந்நேரம் மலையுச்சில நின்னுக்கினு இருப்போம்" என்றார் தமிழாசிரியை செந்தமிழ்ச்செல்வி. நானும் சிரித்தேன்.

4

சப்ரின் சொல்ல வந்தது 'திரும்பிக்கணும்' என்பது. 127 என்பது நாங்கள் போன திசை. வேன் இருந்தது அதற்கு நேரெதிரே, அதாவது இன்னொரு 180 தள்ளி. நான் 180 கூட்டவும் மறந்தேன், எதிர்த்திசை எடுக்கவும் மறந்தேன். இரண்டு மறதியும் ஒன்றையொன்று சரிக்கட்டி என்னை மேதையாக்கிவிட்டன.

வேனில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு தப்பு சேந்து சரியாயிடுச்சி சார். நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"சொல்றேம்மா" என்றேன். பதினேழு நாள் ஆகிறது. வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு அ: காலை வழிபாட்டில் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன். மாணவர்கள் கண்கலங்குகிறார்கள். (என் மாணவர்களா!)

முடிவு ஆ: சப்ரினுக்குச் சென்னையில் இதைவிடப் பெரிய வேலை கிடைக்கிறது. நான் வாயே திறக்க வேண்டியதில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்தேன்.

6

உண்மையில் நடந்தது இது. இன்று காலை தங்கதுரை சார் ஒரு படிவம் கொடுத்தார். சப்ரினை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாமா என்று மூத்த ஆசிரியர் எழுதித் தர வேண்டும். 'பாட அறிவு' என்ற கட்டத்தில் அவரே பென்சிலால் 'சுமார்' என்று போட்டிருந்தார்.

"அதான் மலையில பாத்தமே சார். பென்சில் மேலயே பேனாவால எழுதி கையெழுத்து போட்டுடுங்க. நாலு மணிக்குள்ள வேணும்."

மணி மூன்றரை. அந்தப் படிவத்தின் மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர் மேசையில் சப்ரின் விடைத்தாள் திருத்துகிறார். யாரோ ஒரு பிள்ளை மறந்த 180-ஐச் சிவப்பு மையில் எழுதுகிறார். இங்கிருந்தே தெரிகிறது.

7

பென்சில் எழுத்துதானே, அழித்தாயிற்று. அங்கே 'மிக நன்று' என்று எழுதினால் தங்கதுரை சார் ஏன் என்று கேட்பார். அப்போது நான்

(இந்த வாக்கியத்தை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் கதையையே தொடங்கினேன். நீங்கள் சரியாகவே முடிப்பீர்கள். அதற்கும் நான் கைதட்டல் வாங்கிக்கொள்வேன். அதனால் தருவதாக இல்லை. மூன்று ஐம்பது. எழுந்திருக்கிறேன்.)