முழங்கைத் திண்டு

சவரியின் உடம்பைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு, அவன் கைகளைக் கூப்பிவைக்கப் போராடிக்கொண்டிருந்தாள் மிக்கேலம்மாள். புருஷனின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே கிடந்தன. ஜெபமாலை நழுவி நழுவி விழுந்தது. கொழுந்தன் சின்னப்பராஜ் வாசலிலேயே நின்று ஒரு சாக்கை உள்ளே எறிந்தான்.

"கைய மூடிடுங்க அண்ணி. சனம் பாக்குது."

பார்க்கட்டுமே என்று அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இவன் குத்தகைக்கு எடுத்த புளியமரத்தில் ஏறித்தான் சவரி விழுந்தான். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. அதன்பிறகு முழங்கைதான் அவனுக்குக் கால். சரளைமண்ணில் ஊன்றி ஊன்றி நகர்ந்தே கிணற்றுமேடு வரை காவலுக்குப் போனான். போன வருஷம் விரல் மரத்துவிட்டது. சுடுசட்டியைப் பிடித்துத் தோல் வெந்ததுகூடத் தெரியவில்லை. போதாதா? பெருநோய் என்று மொரப்பூர்ப் பக்கம் முழுக்க முடிவுகட்டிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா அவன் முழங்கையைத் தட்டிப் பார்த்தார். சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுத்தது. இது பெருநோய் இல்லை, ஊன்றி ஊன்றி நரம்பு நசுங்கியிருக்கிறது, ரெண்டு மாசம் முழங்கையை ஊன்றாமல் மடக்காமல் பஞ்சு வைத்துக் கட்டினால் விரல் பிழைக்கும் என்றார். சின்னப்பராஜும் கூட நின்று கேட்டான். அண்ணனை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று தலையாட்டினான். நாலு நாள் தூக்கினான். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். ஐந்தாம் நாள் ஆளைக் காணோம். மிக்கேலம்மாள் ஒற்றை ஆளாய் எத்தனை தரம் தூக்குவாள்? அவள் கூலிக்குப் போன நேரமெல்லாம் சவரி மறுபடி முழங்கையைத்தான் ஊன்றினான். அவள் தைத்துக் கட்டிய இலவம்பஞ்சுத் திண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி கிழிந்தது. ஊன்றிய இடம் புண்ணாகி, சீழ்பிடித்து, காய்ச்சலில் போய்விட்டான்.

இப்போது கோயில் பெட்டி கிடையாதாம். ஊரில் யார் செத்தாலும் அந்த ஒரே பெட்டியில்தான் கல்லறைக்குப் போவார்கள். பெட்டி மட்டும் திரும்பி வரும். அடுத்து அதில் படுக்கிறவருக்கு நோய் ஒட்டிக்கொள்ளுமாம். செத்தவனுக்கு என்னடா ஒட்டும் என்று கேட்க ஒரு ஆளில்லை. பாயில் சுருட்டி மூங்கிலில் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றான் சின்னப்பராஜ்.

மிக்கேலம்மாள் சாக்கை எடுத்து அவன் காலடியிலேயே போட்டாள்.

"டாக்டரம்மா சொன்னத நீயுந்தான கேட்ட. ஊருக்கு ஒரு வார்த்த சொன்னியா? ரெண்டு மாசம் தூக்குறேன்னு தலையாட்டுன, தூக்கல. இன்னிக்கு ஒருதரம் தூக்கு. கோயில் பெட்டியில, கை வெளிய தெரியத் தூக்கு. இல்லன்னா பொணம் இந்த வூட்டவுட்டு நகராது."

சின்னப்பராஜ் கோயிலுக்குப் போய்ப் பெட்டியைத் தானே தலையில் சுமந்து வந்தான்.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அண்ணனின் முதுகுக்கடியில் வெறுங்கையைக் கொடுத்துத் தூக்கினான்.

பெட்டி கிளம்புமுன் அவள் உள்ளே போய், நேற்றுத் தைத்து முடித்த திண்டு ஜோடியை எடுத்துவந்தாள். அது ஒருதரம்கூட மண்ணில் படவில்லை. இரண்டு முழங்கையிலும் வைத்து, வலிக்காதபடி தளர்த்தியாக நாடாவை முடிந்தாள்.