திரும்பி வருவதற்கு ஒரு காரணம்

நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தை அண்ணன் கசக்கி என் மடியில் போட்டான். குரோம்பேட்டை வீட்டில் தங்கைக்கும் பங்கு உண்டு என்று அதில் ஒரு கையெழுத்துத்தான் கேட்டிருந்தேன். அமெரிக்க விசாவுக்கு வேண்டியிருந்தது.

"இன்னாடி, பாட்டுப் பாடப் போறதுக்கு வூட்ட எழுதித் தரணுமா?" என்றான் ஜெயவேலு. "மொதல்ல பங்கு வேணாம்னு நீ எழுதிக் குடு. அப்பறம் பாக்கலாம்."

இருபது வருடமாக மெல்லிசைக் குழுவில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுகிறேன். இப்போதுதான் அமெரிக்காவிலுள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று 'ஜெயக்கொடி' என்று தனியாகப் பெயர் போட்டு அழைத்திருக்கிறது. போன தடவை குழுவில் பதினொரு பேருக்கு விசா கிடைத்தது. என் பாஸ்போர்ட்டை மட்டும் ஜன்னல் வழியே திருப்பித் தள்ளிவிட்டார்கள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, சொத்து இல்லை. இவள் போனால் திரும்ப மாட்டாளாம். என்ன சட்டமோ! நாற்பத்து நான்கு வயதுக்காரி சொந்த ஊருக்குத் திரும்பப் புருஷன் வேண்டுமா? வயிறு எரிந்தது. ஆனால் அப்பா செத்த மூன்றாம் மாதமே பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, மாடியறையில் எனக்குச் சோறு போடுவதாக ஊரெல்லாம் சொல்லித் திரியும் இவன்மேல் அதைவிட எரிந்தது.

மறுநாளே தாம்பரத்தில் வக்கீல் ஹெப்சியைப் பிடித்துப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். சம்மன் வந்த அன்று அண்ணன் மாடிக்குத் தண்ணீரை நிறுத்தினான்.

"கூடப் பொறந்தவன கோர்ட்டுக்கு இஸ்த்துட்டியே! போ, எங்கனா போய்ப் பாடு. இந்தப் பக்கம் திரும்பி வராத!"

"வருவேண்டா," என்றேன். அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

நேர்காணலுக்கு முன்னால் குழுவை நடத்தும் கதிரேசன், "ஏன் திரும்பி வருவீங்கன்னு கேட்டா, தாய்நாட்டுப் பற்றுன்னு சொல்லிடுங்கக்கா," என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரியம்மா தமிழ் கற்றவர். அதையேதான் கேட்டார்.

நான் வழக்கு நகலை ஜன்னலுக்குள் தள்ளினேன்.

"எங்க அண்ணன் மேல கேஸ் கீது மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"அடுத்த தேதி எப்போ?"

"ஜூன் பதினாறு. கச்சேரி முடிஞ்ச எட்டாம் நாளு. செத்தாலும் வந்துருவேன்."

பேனாவை எடுத்து நகலின் ஓரத்தில் அந்தத் தேதியை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். என் பாஸ்போர்ட் இன்னும் அவருடைய இடது கையிலேயே இருந்தது.