திறந்த கதவுக்கு ஒரு பூட்டு

"கதவைத் திறந்தப்புறம் பூட்டை எங்கன வைப்ப?"

பெண் பார்க்க வந்த அன்று மாரிக்கண்ணன் பொன்மணியிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். சமைக்கத் தெரியுமா என்று கேட்பான் என நினைத்து நின்றவள் திருதிருவென்று விழித்தாள்.

"சன்னல்ல வைப்பேன்."

"போச்சு. எவனாச்சும் அதை எடுத்துட்டு அதே மாதிரி தன் பூட்டை வச்சுட்டுப் போயிருவான். நீ பாட்டுக்கு அவன் பூட்டைப் பூட்டிட்டு வருவ. ராத்திரி அவன் சாவி போட்டுத் திறப்பான்."

மாரிக்கண்ணன் பட்டாளத்தில் வெடிகுண்டுக் கிட்டங்கிக்குக் காவல் நின்றவன். கதவு திறந்திருந்தாலும் பூட்டை வளையத்தில் மாட்டிப் பூட்டியே வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வேலையை விட்டு வந்தபோது, கழித்துக்கட்டி ஏலம் விட்ட சாமான்களில் அப்படி ஒரு பூட்டை எடுத்து வந்திருந்தான். முழுக்கப் பித்தளை. கொக்கி கட்டைவிரல் பருமன். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். பூட்டினால்தான் சாவி வெளியே வரும். திறந்து கிடக்கும்போது இழுத்தாலும் வராது. வீட்டில் அதைப் போட்டுப் பூட்டுகிற அளவுக்கு எந்தப் பொருளும் இல்லாததால் அது கோழிக்கூட்டில் தொங்கியது.

"என்ன மதினி, எதிரி நாட்டுக்காரன் உங்க சேவலத் தூக்க வாரானாக்கும்?" என்று தெருவே கேலி பேசியது.

பொன்மணி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் இந்த சீசனில் புதுப் பழக்கம் ஒன்று தொடங்கியிருந்தது. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறைகளில், பெண்கள் உள்ளே உட்கார்ந்ததும் போர்மேன் அருள்பாண்டி பின்கதவைச் சாத்தி வெளியே பூட்டிவிடுவார். பின்பக்கம் போய் வேப்பமரத்தடியில் கதை பேசுகிறார்களாம்.

பொன்மணியின் அறையில் கூட வேலை பார்க்கும் பாலம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. முன்பு வேறொரு கம்பெனியில் தீப்பிடித்தபோது பின்கதவு வழியாக ஓடிப் பிழைத்தவள் அவள். கெண்டைக்காலில் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. முதல் நாள் கதவு சாத்தப்பட்டதும் அவள் மருந்தைச் சிந்திவிட்டாள்.

"அண்ணாச்சி, அந்தக் கதவை மட்டும் விட்டுருங்க."

"பயமா இருந்தா வீட்ல இரு தாயி. ஒன் இடத்துக்கு ஆளா இல்ல?"

அன்று வீட்டுக்கு வந்து பொன்மணி கோழிக்கூட்டின் முன்னால் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்ட மாரிக்கண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சரி, கோழிகளுக்கு நீதான் பதில் சொல்லணும். ஆனா சாவி ஒன் மடியில இருக்கக் கூடாது. புடுங்கிருவாக. நான் கேட்டுல நிக்கேன், பூட்டிட்டு ஓடியா."

மறுநாள் காலை கேட்டில் தீப்பெட்டியும் போனும் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்த்தார்கள். தூக்குச்சட்டியில் சோற்றுக்குப் பதிலாகப் பூட்டு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அறையைக் கூட்டுவதற்காகக் கதவுகள் திறந்து கிடந்தன. பின்கதவைச் சுவரோடு சுவராகச் சாய்த்து, கதவு வளையத்தையும் சுவரில் இருந்த வளையத்தையும் சேர்த்து மாட்டினாள் பொன்மணி. சாவியைத் திருகியதும் 'ளொடக்' என்று பூட்டிக்கொண்டது. சோற்றுச்சட்டியை மறந்துவிட்டதாகச் சொல்லிக் கேட்டுக்கு ஓடினாள். மாரிக்கண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு இன்னொரு தூக்குச்சட்டியை நீட்டினான். வண்டி சாத்தூர் பக்கம் பறந்தது. அங்கே ஒரு பணமெடுக்கும் மெஷினுக்கு அவன் இப்போது காவல்காரன்.

அருள்பாண்டி வந்து கதவை இழுத்தார். வரவில்லை. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏத்தா, என்னாது இது?"

"பூட்டு, அண்ணாச்சி" என்றாள் பொன்மணி.

"பூட்டுன்னு தெரியுது. திறந்த கதவுக்கு எதுக்குப் பூட்டு?"

"பட்டாளத்துல அப்படித்தானாம்."

"இரும்புச் சாமான் மருந்து ரூம்புக்கிட்ட வரக் கூடாதுன்னு தெரியாது?"

"இது பித்தளை, அண்ணாச்சி. ஒங்க கையில வச்சிருக்கீகள்ல, அதான் இரும்பு" என்றாள் மூலையில் இருந்த வேல்விழி.

அருள்பாண்டி தன் கையிலிருந்த பூட்டைச் சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டார். அதன் கனத்தில் பை தொங்கியது.

"சாவியக் குடு."

"சாத்தூர்ல இருக்கு. எங்க வீட்டுக்காரரு ராத்திரிதான் வருவாக."

போர்மேன் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். பாலம்மாள் மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"தட்டப் போறீகளா அண்ணாச்சி? சித்தப் பொறுங்க, நாங்க அந்த வேப்பமரம் வரைக்கும் போயிக்கிறோம். நீங்க நிதானமாத் தட்டுங்க."

அருள்பாண்டி கல்லைப் பார்த்தார். உள்ளே தட்டில் குவிந்திருந்த மருந்தைப் பார்த்தார். சத்தம் வராமல் கல்லைக் கீழே வைத்தார், முட்டையை வைப்பதைப் போல. வேல்விழி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை. மூன்று பேரும் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அலுமினியப் பொடி படிந்த முகங்களில் கண்ணீர் கோடு போட்டது.

"லோடு நிக்குதுன்னு பாக்கேன். ஆர்டர் முடியட்டும், ஒங்களப் பேசிக்கிறேன்!"

கத்திக்கொண்டே அவர் அடுத்த அறைக்குப் போனார்.

அன்று முழுக்க அறைக்குள் காற்று வந்தது. பாலம்மாள் இரண்டு வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்து, சிந்தாமல் மருந்து அடைத்தாள். போகிற போக்கில் பழைய தாலாட்டு ஒன்றைப் பிழையாகப் பாடினாள். வேல்விழி திருத்த, அதையும் பிழையாகப் பாடினாள். மத்தியானம் மூவரும் பொன்மணி கொண்டுவந்த புளிச்சோற்றைப் பங்கிட்டுத் தின்றார்கள். வேல்விழி போர்மேன் கல்லை வைத்த மாதிரி ஊறுகாய்த் துண்டை வைத்துக் காட்ட, பொன்மணிக்குப் புரையேறியது.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அடுத்த அறை அழகுமீனா வந்தாள். பின்வாசலில் நின்று காற்றில் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். பூட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா? எங்க ரூம்புக்கு?"

பொன்மணி கையில் எடுத்த கடைசிக் கவளத்தைத் திரும்பச் சட்டியிலேயே வைத்தாள்.

"ஒண்ணுதான் இருந்துச்சு மீனா."

அழகுமீனா பூட்டைச் சத்தம் கேட்காமல் விட்டாள். மணி அடித்தது. அவள் தன் அறையின் பின்கதவுவரை நடந்தாள். அங்கே சாத்திய கதவில் தொங்கிய போர்மேன் பூட்டை ஒதுங்கிக் கடந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் பக்கம் போனாள்.